கல்லூரியில் அடிப்படைக் கணக்கு: முழு செமஸ்டரா, துணை வகுப்பா, ஆப்பா?

கல்லூரியில் சேர்ந்தாயிற்று. கணக்கில் ஒரு நிலையறியும் தேர்வு வைத்தார்கள். முடிவில் ஒரு தாளை நீட்டினார்கள்: "அடிப்படைக் கணிதத்தில் தொடங்கவும்." முழு எண், பின்னம், தசமம், விகிதம், சதவீதம், மைனஸ் எண். ஐந்தாம் ஆறாம் வகுப்பில் பார்த்த அதே சங்கதிகள். பலருக்கு முதலில் வெட்கம் வருகிறது, அதன் பின்னாலேயே அவசரம். எப்படியாவது இதைத் தாண்டினால் போதும் என்று, முதலில் கண்ணில் பட்ட வழியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இப்படித் தேர்வு வைக்கும் கல்லூரிகளில் வழிகள் ஏறக்குறைய ஒன்றுதான். அடிப்படைக் கணக்கையே ஒரு முழு செமஸ்டர் பாடமாகப் படிக்கலாம். அல்லது பட்டத்துக்குத் தேவையான கணிதப் பாடத்திலேயே நேராக உட்கார்ந்து, கூடவே வாரம் சில மணி நேரம் ஒரு துணை வகுப்புக்குப் போகலாம். அல்லது செமஸ்டர் தொடங்குவதற்குள் ஆப், வீடியோ, இலவசப் பாடநூல் என்று சொந்தமாகப் படித்து, தேர்வை மறுபடி எழுதி அந்தப் படியையே தாண்டிவிடலாம். டியூஷனும் இருக்கிறது. ஆனால் அது தனி வழி இல்லை, மற்ற மூன்றில் எதோடும் ஒட்டிக்கொள்ளக்கூடியது.

கல்லூரி மாணவர்களுக்கான கணக்கு உதவி அறை ஒன்றில் சில வருஷங்கள் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வழியிலும் வந்தவர்கள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். எந்த வழி சுலபம், எது சீக்கிரம் முடியும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: நீங்கள் தப்பாகப் போட்ட வரியை யார் பார்க்கப் போகிறார்கள், எத்தனை நாளில்? விடையை அல்ல, வரியை. இந்த ஒரு கேள்வியை வைத்தே மூன்று வழியையும் எடை போடலாம் என்பது என் கட்சி.

முதலில், உங்கள் தப்பு எந்த ரகம்

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் நாற்பது நிமிஷம் ஒதுக்குங்கள். பேனா, வெள்ளைத் தாள். கால்குலேட்டர் வேண்டாம், ரப்பரும் வேண்டாம். அடித்து எழுதலாம், அழிக்கக் கூடாது. பின்னால் நமக்கு வேண்டியதே அந்த அடித்த வரிதான்.

1003இலிருந்து 467ஐக் கழியுங்கள். 0.35, 0.8, 0.125 மூன்றையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். 1/2 + 1/3 எவ்வளவு? 6ஐ 1/2ஆல் வகுத்தால்? முக்காலில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு? 5 − (−3)? 24 ÷ 6 × 2? 100 என்ற எண்ணை 20 சதவீதம் கூட்டி, வந்ததை 20 சதவீதம் குறைத்தால் எங்கே வந்து நிற்கும்? ஒரு வண்டி 3 லிட்டரில் 45 கிலோமீட்டர் ஓடினால் 5 லிட்டரில் எவ்வளவு ஓடும்?

(விடைகள் வரிசையாக: 536; 0.125, 0.35, 0.8; 5/6; 12; 1/2; 8; 8; 96; 75 கிலோமீட்டர். போட்டு முடித்த பிறகு பாருங்கள்.)

இன்னும் இரண்டு இருக்கின்றன. எனக்குப் பிடித்தவை இவைதான். 12/13 + 7/8 என்பது 1, 2, 19, 21 ஆகிய நான்கில் எதற்குப் பக்கத்தில் வரும்? கணக்குப் போடாமல், பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டும். இரண்டு பின்னமும் ஒன்றுக்குச் சற்றே குறைவு. ஆக விடை 2க்குப் பக்கத்தில். 1978இல் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வந்தது. 2 என்று சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 அல்லது 21ஐத் தேர்ந்தெடுத்தார்கள்: மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. அந்தப் பிள்ளைகளுக்கு 12/13 ஓர் எண்ணாகவே படவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு எண்களாகத்தான் பட்டது.

இன்னொன்று இது. 462 + 253 = 715. சரிதானா என்று கழித்துப் பாருங்கள். பெரும்பாலோர் 715இலிருந்து 253ஐக் கழிப்பார்கள், 462 வரும், நிம்மதியாவார்கள். "253க்குப் பதில் 462ஐக் கழித்திருக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "கீழே இருப்பதைத்தானே கழிக்கணும்?" என்று தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு சரியாகத்தான் போடுவார்கள். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அவிழ்க்கும் என்பதுதான் அவர்கள் மனதில் இல்லை.

இப்போது தாளைத் திருப்பி, தப்பான வரிகளை மட்டும் பாருங்கள். மூன்று ரகம் தெரியும். ஒன்று மறதி: செய்முறையை ஒரு தடவை பார்த்ததும் "அட, ஆமாம்" என்று திரும்பி வந்துவிடும். இரண்டாவது கைப்பிசகு: 7ஐ 1 என்று எழுதியது, இடையில் ஒரு மைனஸை விழுங்கியது. ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் வரும். மூன்றாவதுதான் சிக்கல். ஒரே மாதிரியான கணக்கில், ஒரே மாதிரித் தப்பு, ஒவ்வொரு தடவையும், முழு நம்பிக்கையோடு. 1/2 + 1/3 = 2/5 என்று போட்டவர் 2/3 + 1/4க்கு 3/7 என்றும் போட்டிருந்தால், அவருக்கு விதி தெரியாமல் இல்லை. அவரிடம் ஒரு விதி இருக்கிறது, அது தப்பு விதி. தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது எளிது. உள்ளே குடியிருக்கும் தப்பு விதியை வெளியேற்றுவது வேறு வேலை. முதல் இரண்டு ரகத்துக்கு ஒரு வழி, மூன்றாவதுக்கு வேறு வழி என்று பிரிய வேண்டியிருப்பது இதனால்தான்.

ஆப்: மறதிக்கு மருந்து

சொந்தமாகப் படிப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மறதி மட்டும்தான் பிரச்சினை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. 2008இல் தொடங்கிய கான் அகாடமி என்ற இணையக் கற்றல் தளம் இலவசம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், முழு எண்ணில் ஆரம்பித்துப் பின்னம், தசமம், சதவீதம் என்று போகும் பாடநூலை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. பல கல்லூரிகள் பயன்படுத்தும் அலெக்ஸ் என்ற கணக்கு மென்பொருள், முதலில் முப்பது கேள்விகளுக்குள் ஒரு பரிசோதனை வைத்து, உங்களுக்கு என்ன தெரியும், அடுத்து எதைக் கற்க நீங்கள் தயார் என்று ஒரு படம் போட்டுக் காட்டும். அதன் அடியில் இருப்பது 1985இல் இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு கணிதக் கோட்பாடு: எந்தப் பாடம் தெரிந்தால்தான் எந்தப் பாடம் வரும் என்ற முன்பின் உறவு. இதில் "எனக்குத் தெரியாது" என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கக் கூச்சப்படாதீர்கள். குருட்டாம்போக்கில் போட்டது சரியாக அமைந்துவிட்டால் அந்தப் பாடத்தை மென்பொருள் தாண்டிப் போய்விடும், இழப்பு உங்களுக்குத்தான்.

இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஒரே கணக்கை நாற்பது தடவை போடலாம், யாரும் பெருமூச்சு விட மாட்டார்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஆப் பார்ப்பது விடையை மட்டும். ஒருநாள் ஒரு மாணவி மடிக்கணினியோடு வந்தார். "தசமத்தில் எல்லாம் பச்சை டிக், வகுப்புத் தேர்வில் மட்டும் பூஜ்யம், ஏன் சார்?" திரையைப் பார்த்தேன். எது பெரியது: 0.75ஆ, 0.5ஆ? சரி. 0.62ஆ, 0.3ஆ? சரி. 0.48ஆ, 0.2ஆ? சரி. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "75 பெரிசு, 5 சின்னது. 62 பெரிசு, 3 சின்னது." விதி தப்பு, ஆனால் அந்த மூன்று கேள்வியிலும் அது சரியான விடையைத்தான் தந்திருக்கிறது. 0.35, 0.8 என்று எழுதிக் காட்டினேன். யோசிக்கவே இல்லை, 0.35 என்றார். அத்தனை பச்சை டிக்கும் தப்பு விதிக்கு உரம் போட்டிருந்தன. "எப்படி?" என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்க எதிரே ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஆப்பானாலும் பாடநூலானாலும் ஒரே வகைக் கணக்கைக் கட்டாகத் தருவார்கள்: இன்று பின்னக் கூட்டல் இருபது, நாளை பின்னப் பெருக்கல் இருபது. போடும்போது மளமளவென்று வரும். 2007இல் ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் திட உருவங்களின் கன அளவுக் கணக்குகளை வகைவாரியாகப் போட்டார்கள், மற்றவர்கள் அதே கணக்குகளைக் கலந்துகட்டிப் போட்டார்கள். பயிற்சியின்போது வகைவாரிக் கூட்டம் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் தலைகீழ்: வகைவாரிக்காரர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. கட்டாகப் போடும்போது கை மட்டும் பழகுகிறது. இது எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடிக்கும் வேலை தலைப்பிலேயே முடிந்துவிடுகிறது. தேர்வுத் தாளில் தலைப்பு இருக்காது.

ஆப் வழியில் போகிறீர்கள் என்றால், கட்டுக் கணக்கு ஐந்து போதும். அதற்குமேல் பழையதும் புதியதுமாகக் கலந்த தாளை நீங்களே தயார் செய்துகொள்ளுங்கள். தினம் ஒரு மணி நேரம், மூன்று நான்கு வாரம். அதற்குமேல் இழுத்தால் அது மறதி இல்லை, வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நிலையறியும் தேர்வை வீட்டில் எழுதும் வசதி இருந்தால் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். இது நியாயம் பற்றிய பேச்சு இல்லை. அந்த ஆளுக்கு ஏற்ற வகுப்பில் நீங்கள் போய் உட்கார வேண்டியிருக்கும்.

முழு செமஸ்டர்: நேரம் உண்டு, கசிவும் உண்டு

பதினைந்து பதினாறு வாரம் அடிப்படைக் கணக்கு மட்டும். கேட்க நிதானமாகத்தான் இருக்கிறது. பல வருஷம் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பியவர்கள், கணக்கு என்றாலே கை நடுங்குகிறவர்கள், மூன்றாவது ரகத் தப்பு நாலைந்து இடங்களில் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த நிதானம் தேவை. பின்னத்தை ஓர் எண்ணாகப் பார்க்கப் பழகுவதற்கு நாள் பிடிக்கும். நாள் என்பதைவிட, வெவ்வேறு உருவில் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும் என்பது சரி. நம் பழைய எண்சுவடிச் சொற்களே இதற்கு நல்ல உதாரணம். அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது 1/8. பின்னப் பெருக்கலைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். மாகாணி இன்னும் அழகு. மா என்பது 1/20, காணி என்பது 1/80. ஒரு மாவுக்கு நான்கு காணி. அதோடு இன்னொரு காணி சேர்ந்தால் ஐந்து காணி, 5/80, சுருக்கினால் 1/16. மாகாணி என்றால் 1/16தான். பகுதியைச் சமமாக்கிக் கூட்டுவது என்று பாடநூல் சொல்வதை ஒரு சொல் செய்துமுடித்துவிடுகிறது. இப்படி நின்று பார்க்க மூன்று வாரத் துரிதப் படிப்பில் இடம் கிடைக்காது, முழு செமஸ்டரில் கிடைக்கலாம்.

"கிடைக்கலாம்" என்றுதான் சொல்ல முடிகிறது. ஏனென்றால் பாடத்திட்டம் பெரும்பாலும் முழு எண் கூட்டலிலிருந்து தொடங்கும். முதல் நான்கு வாரம் தெரிந்ததையே கேட்டுச் சலித்து, மாணவர் வருவதை நிறுத்துவார். ஐந்தாறாவது வாரம் பின்னம் வரும், சரியாக அப்போதுதான் அவர் இல்லை. திரும்பி வரும்போது தசமம் ஓடிக்கொண்டிருக்கும். பாடத்திட்டத்தை வாங்கி, பின்னம் எந்த வாரம் தொடங்குகிறது, எத்தனை வாரம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரே வாரம் என்றால் அந்த வகுப்பு உங்களுக்கானது இல்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் சங்கிலி. சில கல்லூரிகளில் அடிப்படைக் கணக்கு முடிந்ததும் தொடக்க இயற்கணிதம், அதன் பிறகுதான் பட்டத்துக்கான பாடம். இதையே ஒரு சதவீதக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 75 பேர் தாண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்க மோசமில்லை. மூன்று படி தாண்டியவர்கள் நூற்றுக்கு 42 பேர்தான் (0.75 × 0.75 × 0.75). நடுவில் தோற்றவர்கள் மட்டும் இல்லை. ஒரு படியில் தேறி, அடுத்த செமஸ்டரில் பதிவே செய்யாமல் போனவர்களும் இதில் சேர்த்திதான். வேலை மாறும், வீட்டில் ஒன்று வரும். செமஸ்டருக்கும் செமஸ்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒவ்வொன்றும் வெளியேறும் வாசல்.

இதே முழு செமஸ்டர் பாடத்தைக் கணினிக் கூடத்தில் நடத்தும் முறையும் பரவலாக இருக்கிறது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1997இல் 500க்கும் மேற்பட்ட கணினிகளோடு திறந்த கூடம் இதற்கு முன்மாதிரி. விரிவுரை கிடையாது. நீங்கள் கணினியில் போடுவீர்கள், உதவியாளர்கள் சுற்றி வருவார்கள். இங்கே எல்லாம் அந்த உதவியாளர்களின் காலைப் பொறுத்தது. அவர்களாக நடந்து வந்து உங்கள் தாளை எட்டிப் பார்த்தால் நல்ல வகுப்பு. மூலையில் உட்கார்ந்து, கை தூக்கினால் மட்டும் வருவார்கள் என்றால், அது கட்டணம் கட்டிய ஆப். தப்பு விதி உள்ளவர் கை தூக்கவே மாட்டார், தான் சரி என்றுதானே நினைத்துக்கொண்டிருப்பார்.

நேரடிப் பாடமும் துணை வகுப்பும்

கேட்டதும் பயமாக இருக்கும். பின்னமே தகராறு, இதில் புள்ளியியலா? நானும் முதலில் இதை நம்பவில்லை. மனம் மாறியதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 2013இல் நடந்த ஒரு சோதனை. கணக்கில் பின்தங்கியவர்கள் என்று மதிப்பிடப்பட்ட 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். தொடக்க இயற்கணிதம் மட்டும் படித்த கூட்டத்தில் 39 சதவீதம் தேறினார்கள். அதே பாடத்தோடு வாராந்தரப் பயிற்சிப் பட்டறையும் சேர்ந்த கூட்டத்தில் 45. நேரே கல்லூரிப் புள்ளியியலில் உட்கார்ந்து, பட்டறைக்கும் போனவர்களில் 56. கடினமான பாடத்தில்தான் அதிகம் பேர் தேறினார்கள். 2017இல் கலிஃபோர்னியா மாநிலம், தக்க காரணம் இல்லாமல் மாணவர்களை அடிப்படைப் பாடங்களில் நிறுத்திவைக்கக் கூடாது என்று சமுதாயக் கல்லூரிகளுக்கு (இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகள்) சட்டமே போட்டது.

இந்த 56ஐ எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டாம். அந்த மாணவர்கள் தொடக்க இயற்கணிதத்தில் நின்றவர்கள், பின்னத்தில் நின்றவர்கள் அல்ல. ஒப்பிட்டதும் புள்ளியியலோடுதான். புள்ளியியலில் பின்னத்தைக் கையால் கூட்ட வேண்டிய சந்தர்ப்பம் குறைவு. கால்குலஸ் (நுண்கணிதம்) வரை போக வேண்டிய படிப்பில் சேர்ந்திருப்பவருக்கு x/2 + x/3 நாளைக்கே வந்து நிற்கும். 1/2 + 1/3இல் இருந்த அதே தப்பு விதி அங்கே 2x/5 என்று புது வேஷத்தில் வரும். ஆகவே எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் போலவே எங்கே போகிறீர்கள் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

இரண்டாவது காரணம் உதவி அறையில் பார்த்தது. புள்ளியியல் மாணவர் ஒருவர். தேர்வில் சராசரி 80, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) 8, இவர் எடுத்தது 72. சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது? 72இலிருந்து 80ஐக் கழித்து 8ஆல் வகுக்க வேண்டும். அவர் 80 − 72 என்று திருப்பிப் போட்டு, +1 என்று எழுதியிருந்தார். ஏன் திருப்பினீர்கள்? "சின்னதிலிருந்து பெரிசைக் கழிக்க முடியாதே." இரண்டாம் வகுப்பில் யாரோ சொன்னது, அன்றைக்கு அது சரியும்கூட. இன்று வரை கூடவே வந்திருக்கிறது. நான் விதி எதையும் சொல்லவில்லை. "+1 என்றால் சராசரிக்கு மேலே. 72 எடுத்தவர் 80க்கு மேலேயா இருக்கிறார்?" என்று மட்டும் கேட்டேன். தாளைப் பார்த்தார், மெதுவாக ஒரு மைனஸ் போட்டார். வெறும் 72 − 80 என்று கொடுத்திருந்தால் இருபது தடவை போட்டாலும் அந்த விழிப்பு வந்திருக்காது. கணக்குக்கு அர்த்தம் இருந்ததால் விடையே "நான் தப்பு" என்று சொன்னது.

தசமத்திலும் இதே கதை. புள்ளியியல் கணக்கு ஒன்றில் 0.032 என்று ஒரு விடை வருகிறது, அது 0.05ஐவிடச் சிறியதா என்று பார்த்து முடிவு சொல்ல வேண்டும். "32 பெரிசு" என்று படித்தால் கடைசி வரி முழுவதும் தலைகீழாகிவிடும். எதற்காகத் தசமத்தை ஒப்பிடுகிறோம் என்று தெரிந்த நாளில் கற்றது நிற்கிறது. துணை வகுப்பின் பலமே இதுதான்: நாளை தேவைப்படும் அடிப்படையை இன்று சொல்லித் தருவது.

பலவீனமும் அங்கேதான். துணை வகுப்பு என்ற பெயரில், முதன்மை வகுப்பின் வீட்டுப்பாடத்தை முடிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடும் இடங்கள் உண்டு. அவசரத்தில் எல்லாரும் விடையைத் துரத்துவார்கள், அடிப்படை அப்படியே கிடக்கும். நேரச் சுமையும் லேசானது இல்லை. முதன்மை வகுப்பு, துணை வகுப்பு, இரண்டுக்கும் வீட்டுப்பாடம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் அந்த செமஸ்டரில் மற்றப் பாடங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளாமல் இதில் இறங்க வேண்டாம்.

டியூஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேனா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அவர் போட, நீங்கள் தலையாட்டினால், அந்த ஒரு மணி நேரத்தில் கணக்குக் கற்றவர் அவர்தான். பேனா உங்கள் கையில் இருந்து, அவர் "இந்த வரி எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அவரை விடாதீர்கள்.

என் தேர்வு

நாற்பது நிமிஷத் தாளில் தப்பெல்லாம் மறதியும் கைப்பிசகும் என்றால், ஆப். ஒரு மாதத்துக்குள் தேர்வை மறுபடி எழுதுங்கள். ஒரு செமஸ்டரை இதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

தப்பு விதி ஒன்றிரண்டு இடத்தில் இருக்கிறது, போக வேண்டிய பாடம் புள்ளியியல் மாதிரியானது என்றால், நேரடிப் பாடமும் துணை வகுப்பும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதுதான், செமஸ்டர் தொடங்குவதற்கு முன்னால் மூன்று வாரம் ஆப்போடு சேர்த்து. போக வேண்டியது கால்குலஸ் என்றால் கொஞ்சம் யோசிப்பேன். தப்பு விதி பின்னத்திலோ மைனஸ் குறியிலோ இருந்தால், இயற்கணிதத்தைத் துணை வகுப்போடு எடுக்கச் சொல்வேன், அதுவும் துணை வகுப்பை நடத்துகிறவரும் முதன்மை வகுப்பை நடத்துகிறவரும் ஒரே ஆளாகவோ, வாராவாரம் பேசிக்கொள்கிறவர்களாகவோ இருந்தால் மட்டும்.

பின்னம், தசமம், மைனஸ் குறி மூன்றிலும் தப்பு விதி இருந்து, 12/13 + 7/8 கேள்விக்கு 19 என்றோ 21 என்றோ மனம் போயிருந்தால், முழு செமஸ்டர் எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த செமஸ்டருக்கான பதிவை இந்த செமஸ்டர் முடிவதற்குள் போட்டுவிடுங்கள். முன்னே சொன்ன வாசல் அப்போது மூடியிருக்கும்.

பதிவு செய்யும் முன் கல்லூரியில் கேட்க வேண்டியது மூன்று. நிலையறியும் தேர்வை எத்தனை தடவை, எத்தனை நாள் இடைவெளியில் எழுத விடுவார்கள்? துணை வகுப்பில் வாரத் திட்டம் உண்டா, அல்லது வீட்டுப்பாடம் போடும் நேரம்தானா? கையால் போட்ட தாளை யாராவது வாங்கித் திருத்துவார்களா, எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள்? மூன்றாவதுக்கு "எல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால், அந்த வேலைக்கு வெளியே ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். நண்பராகக்கூட இருக்கலாம்.

எந்த வழியானாலும் ஒரு தனி நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன், தப்புகளுக்கு மட்டும். அந்த மடிக்கணினி மாணவியின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: மேலே தேதி. அடுத்து, "0.35 > 0.8 என்று போட்டேன்." அதன் கீழே, "என்ன நினைத்தேன்: 35 பெரிசு." அதற்கும் கீழே, "0.80 என்று எழுதிப் பார்க்கணும்." பக்கத்தின் அடியில், ஏழு நாள் தள்ளி ஒரு தேதியும், அன்றைக்குப் போட வேண்டிய மூன்று எண்களும்: 0.4, 0.38, 0.405.